முழுப் பல்தொகுதியில் தாடையுறவும் பல்லிணைவும்: கோலார் தங்கவயல் தமிழரை முன்வைத்து ஒரு மொழியியல் திறனாய்வு

1. முன்னுரை

பற்கள் அனைத்தையும் இழந்த ஒருவருக்கு முழுப் பல்தொகுதி அமைத்துத் தருவது பல்மருத்துவத்தின் பணியாகும். மக்கள் வழக்கில் இது 'பல் செட்டு' எனப்படும். இப்பணியில் மொழியியலுக்கு என்ன இடம் என்னும் வினா எழுவது இயல்பே. இழந்த பற்களுக்கு ஈடாகப் புதிய பற்களை எந்த உயரத்தில், எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை உறுதி செய்யப் பல்மருத்துவர் பயன்படுத்தும் சோதனைகளுள் ஒன்று, நோயாளியைப் பேசச் செய்து கேட்பது. பேச்சு ஏதேனும் ஒரு மொழியின் பேச்சாகவே அமையும். ஆனால் பாடநூல்கள் தரும் சோதனைச் சொற்கள் ஆங்கிலச் சொற்கள். அவற்றின் பின்னே நிற்கும் ஒலியியல் ஆங்கிலத்தின் ஒலியியல். இச்சோதனைகள் தமிழ் பேசுவோரிடம் அப்படியே செல்லுபடியாகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அதனோடு தொடர்புடைய ஏவல் தொடர்களையும் கலைச்சொற்களையும் மதிப்பிடுகிறது.

இவ்வாய்வுக்குக் கோலார் தங்கவயல் தக்கதொரு களமாகும். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கிய பின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பெருந்தொகையாகத் தொழிலாளர் குடியேறினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று ஐம்பது வயதை எட்டியிருந்த தொழிலாளி இன்று எழுபதைக் கடந்தவர். ஆகவே முழுப் பல்தொகுதி தேவைப்படும் அகவையில் ஒரு பெருந்தலைமுறை இங்கு வாழ்கிறது. அவர்களுள் மிகப் பலர் வீட்டில் தமிழ் பேசுவோர். மாநிலத்தின் ஆட்சிமொழி கன்னடம். தெலுங்கும் அண்டை வீட்டு மொழி. பி.இ.எம்.எல். நகரில் கே.ஜி.எஃப். பல்மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பல்மருத்துவக் கல்வியோ ஆங்கில வழியில் நடைபெறுவது. ஒரு மொழியில் கற்று, வேறொரு மொழியினரின் வாயை அளக்கும் நிலை இங்குத் தெளிவாகப் புலப்படுகிறது. இந்நிலை தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. சென்னையிலும் மதுரையிலும் பாடநூல் ஆங்கிலமே. எனினும் பன்மொழிச் சூழல் சிக்கலை இங்குக் கூர்மையாக்குகிறது.

2. கொள்கைகளின் சுருக்கம்

திறனாய்வுக்கு முன் கொள்கைகளைச் சுருக்கமாகக் கூறுவது தேவை. மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையிலான உறவை மூவகையாகப் பகுப்பர். மேல்தாடை மண்டையோட்டில் அமைந்துள்ள கிடப்பைக் காட்டுவது முதல்வகை. இரு தாடைகளுக்கும் இடையிலான உயரத்தைக் காட்டுவது இரண்டாம் வகை. கீழ்த்தாடை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நிற்கும் நிலையைக் காட்டுவது மூன்றாம் வகை.

இயற்கைப் பல் உள்ளபோது இவ்வுறவுகளைப் பல்லே காட்டிவிடும். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கும் இடம் அறியப்பட்ட ஒன்று. பற்கள் அனைத்தும் போனபின் அச்சான்று அழிந்துவிடுகிறது. மூட்டும் தசையும் மட்டுமே எஞ்சுகின்றன. அவற்றைக் கொண்டு பழைய நிலையை மீட்டுருவாக்குவதே தாடையுறவைப் பதிவுசெய்தல் ஆகும். மொழியியலார் வழக்கிறந்த தொல்வடிவத்தை இன்றைய மொழிகளின் சான்று கொண்டு மீட்டுருவாக்குவதோடு இதனை ஒப்பிடலாம். இரண்டிலும் கிடைப்பது கருதுகோளே. அதனைப் பல வழிகளில் சரிபார்க்க வேண்டியுள்ளது.

உயரத்தைப் பொறுத்தவரை இரண்டு அளவுகள் கருதத்தக்கன. தசைகள் ஓய்ந்திருக்கையில், பற்கள் ஒன்றையொன்று தொடாத நிலையில் உள்ள முகவுயரம் ஒன்று. பற்கள் தொட்டு மூடிய நிலையில் உள்ள முகவுயரம் மற்றொன்று. முன்னது பின்னதைவிடப் பொதுவாக 2 முதல் 4 மி.மீ. வரை மிகுதி. இவ்வேறுபாட்டை ஓய்விடைவெளி என இக்கட்டுரை குறிக்கிறது. இவ்விடைவெளியை விடாமல் பற்களை உயர்த்தி அமைத்தால், பேசும்போது பற்கள் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும், தசை களைக்கும், ஈறு புண்படும், அடியிலுள்ள எலும்பு விரைவில் தேயும். மிகத் தாழ்த்தி அமைத்தால் கன்னம் குழிந்து, கடைவாய் ஓரம் மடிந்து புண்ணாகும். மெல்லும் ஆற்றல் குறையும்.

பல்லிணைவு என்பது மேற்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் முறை. 'அக்ளூஷன்' என மருத்துவர் வழங்குவது இதனையே. இயற்கைப் பல் ஒவ்வொன்றும் தன் வேரால் தனித்து நிற்பது. பல்தொகுதியிலோ பற்கள் அனைத்தும் ஒரே தளத்தில் பதிந்து, மென்மையான ஈற்றின்மேல் அமர்ந்துள்ளன. ஒருபக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும். கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளும்போது பின்பற்களிடையே இடைவெளி விழுவதைக் கிறிஸ்டென்சன் 1905இல் விளக்கினார். இதனை ஈடுசெய்து, எல்லா அசைவிலும் இருபுறமும் தொடுகை நிலைபெறுமாறு அமைப்பது சமன்பட்ட பல்லிணைவு. இதற்கு மூட்டின் வழிச்சாய்வு, முன்பல்லின் வழிச்சாய்வு, பல்தளத்தின் கிடப்பு, ஈடுசெய் வளைவு, பல்முகட்டின் சாய்வு என ஐந்து காரணிகளை ஹானோ 1926இல் வகுத்தார். ஒன்றை மாற்றினால் ஏனையவற்றையும் மாற்ற வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். இவ்வடிவக்கணிதப் பகுதியில் மொழிக்கு இடமில்லை. ஆதலின் அதனை விரிக்கவில்லை. மொழி நுழையும் இடங்கள் மூன்று: உயரத்தையும் பல் நிற்கும் இடத்தையும் பேச்சால் சோதிப்பது, தாடையை உரிய நிலைக்குக் கொணர ஏவுவது, இவற்றைப் பெயரிட்டு வழங்குவது.

3. பேச்சுமுறையின் தோற்றம்

பல்மருத்துவமும் ஒலியியலும் உறவு கொண்டது புதிதன்று. நாவு அண்ணத்தைத் தொடும் இடத்தைச் சாயத்தால் பதிவு செய்யும் அண்ணப்பதிவு முறையை 1870களின் தொடக்கத்தில் முயன்றவர் ஓக்லி கோல்ஸ் என்னும் இலண்டன் பல்மருத்துவரே. பின்னர் ஒலியியலார் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். தமிழ் மரபிலும் இவ்வுறவுக்கு இடமுண்டு. தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துப் பிறக்கும் இடங்கள் எட்டனுள் பல்லையும் சேர்த்து எண்ணுகிறது. பல் உணவுக்கு மட்டும் உரிய உறுப்பன்று, ஒலிக்கும் உரியது என்னும் தெளிவு அங்கேயே உள்ளது.

இருபதாம் நூற்றாண்டில் பேச்சுமுறைக்கு வலுவான வடிவம் தந்தவர் சில்வர்மன். 1953இல் வெளியான கட்டுரையில் அவர், விரைந்து பேசும்போது பற்கள் மிக நெருங்கும் இடைவெளியை அளவுகோலாக்கினார். ஸகரம் போன்ற உரசொலிகளில் இந்நெருக்கம் நிகழ்கிறது. ஓய்வுநிலை தசையின் இறுக்கத்துக்கேற்ப மாறும். பேச்சின்போது அமையும் நெருக்கமோ ஒருவருக்குப் பெரிதும் நிலையானது என்பது அவர் வாதம். ஏர்ல் பவுண்ட் இதனை மேலும் வளர்த்தார். ஸகரத்தையே வழிகாட்டியாகக் கொள்க என்னும் பொருள்பட 1977இல் எழுதினார். ஃபகரமும் ஆங்கில வகரமும் மேல் முன்பல்லின் நீளத்தைக் காட்டும், ஸகரம் உயரத்தையும் கீழ் முன்பல்லின் இடத்தையும் காட்டும் என்னும் பகுப்பு இன்று பாடநூல்களில் பொதுவாகிவிட்டது.

இம்முறையின் சிறப்பு மறுக்க முடியாதது. அளவுகோலும் மெழுகும் அசையாத வாயை அளக்கின்றன. பேச்சு, இயங்கும் வாயை அளக்கிறது. பல்தொகுதி அணிபவர் நாளில் மிகுதியான நேரம் மெல்லுவதில்லை, பேசுகிறார். கோலார் வட்டாரத்தில் கேழ்வரகுக் களியை மெல்லாமல் விழுங்குவது வழக்கம். அவ்வுணவுக்குப் பல்லின் தேவை குறைவு. பேச்சுக்குப் பல்லின் தேவை அவ்வாறு குறைவதில்லை. ஆகவே இக்கட்டுரை மறுப்பது பேச்சுமுறையை அன்று. அம்முறையை எம்மொழிக்கும் பொதுவானதாகக் கொள்வதையே மறுக்கிறது.

4. சோதனைச் சொற்களின் மொழிச்சார்பு

4.1 மகரம்

ஓய்வுநிலையை அறிய மகரத்தை ஒலிக்கச் சொல்வர். இதழ்கள் மெல்லத் தொட்டு நிற்கையில் தாடை ஓய்வுக்கு வரும் என்பது அடிப்படை. மகரத்தில் முடியும் சொல் ஒன்றைச் சொல்லச் செய்து அளந்தால் போதும் என ஆங்கிலம் அறிந்தவர் கருதலாம். தமிழில் இது பிழைபடும். பேச்சுத்தமிழில் சொல்லிறுதி மகரம் மெய்யாக ஒலிப்பதில்லை. முன்னுள்ள உயிரை மூக்கின உயிராக்கிவிட்டு மறைகிறது. 'மரம்', 'பணம்', 'பழம்' ஆகிய சொற்களைப் பெரியவர் ஒருவர் இயல்பாகச் சொன்னால் இதழ்கள் இறுதியில் மூடுவதில்லை. எழுத்தில் மகரம் உள்ளது, வாயில் இல்லை. எழுத்தை நம்பி அளக்கும் மருத்துவர் திறந்த வாயை ஓய்ந்த வாயெனக் கொள்வார். கிடைக்கும் உயரம் மிகும்; பல் உயர்ந்துவிடும்.

இரட்டித்த மகரம் கொண்ட 'அம்மா', 'சும்மா' ஆகியன இதழ்மூட்டத்தைத் தருகின்றன. அவையும் உயிரில் முடிவதால் அளவெடுக்கும் கணம் நழுவுகிறது. இவற்றினும் பொருத்தமானது தமிழர் வழக்கிலேயே உள்ளது. ஒருவர் சொல்வதைக் கேட்போர் 'உம்' கொட்டுவர். இங்கு மகரம் மறைவதில்லை. இதழ் மூடி, ஒலி நீண்டு, தாடை தளர்ந்து நிற்கிறது. ஏவலுக்காக ஒலிப்பதன்று, கவனத்தோடு கேட்பதன் விளைவாகத் தானே எழுவது. மருத்துவர் இரண்டு நிமிடம் ஏதேனும் சொல்ல, முதியவர் 'உம்' கொட்ட, அப்போது அளவெடுப்பது ஓய்வுநிலையை அறியத் தக்க வழியாகத் தோன்றுகிறது.

4.2 ஃபகரமும் வகரமும்

ஃபகரத்தை ஒலிக்கையில் மேல் முன்பல்லின் விளிம்பு கீழிதழின் ஈரப்பகுதியும் உலர்பகுதியும் சந்திக்கும் கோட்டைத் தொட வேண்டும் என்பது விதி. தமிழ் ஒலியன்களுள் ஃபகரம் இல்லை. கடன்சொற்களில் வரும்போது பகரமாகிறது. 'காப்பி', 'ஆபீசு' ஆகியவை இதற்கு நீண்டகாலச் சான்று. 'ஃபிஃப்டி' எனச் சொல்லச் சொன்னால் ஆங்கிலக் கல்வி பெறாத முதியவர் 'பிப்டி' என்பார். இதழோடு இதழ் சேரும்; பல் இதழைத் தொடாது. மருத்துவர் இதனைப் பல் குட்டை என்பதன் அறிகுறியாகக் கொண்டால், குறையற்ற பல்லை நீட்டி அமைத்துவிடுவார்.

வகரம் இதற்கு மாற்றாகுமா? தொல்காப்பியர் வகரத்துக்குப் பல்லும் இதழும் கூடுவதையே பிறப்பிடமாகக் கூறுகிறார். இன்றும் வகரம் பல்லிதழ் ஒலியே. ஆயினும் ஆங்கில வகரம்போல் உரசொலி அன்று. தொடுகை தளர்ந்த ஒலி. விரைந்த பேச்சில் 'அவன்', 'இவள்' போன்றவற்றில் இடைநிலை வகரம் இன்னும் தளர்கிறது. எனவே வகரத்தைப் பயன்படுத்தலாம். சொல்முதலில் அழுத்தம்பெறும் இடத்தில் பயன்படுத்த வேண்டும். 'வா', 'வீடு', 'வேலை' ஆகியன பொருந்தும். தொடுகை மெலிதாகவே இருக்கும் என்பதையும் மருத்துவர் எதிர்பார்க்க வேண்டும். ஆங்கில அளவு அழுத்தத்தை எதிர்பார்த்துப் பல்லை நீட்டுவது தவறு.

4.3 ஸகரம்

பேச்சுமுறையின் உயிர்நாடி ஸகரம். அறுபதிலிருந்து அறுபத்தாறு வரை ஆங்கிலத்தில் எண்ணச் சொல்வது பெருவழக்கு. அவ்வெண்கள் ஒவ்வொன்றிலும் ஸகரம் உண்டு. நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாதபோது, 'சரி, தமிழில் எண்ணுங்கள்' எனச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் தமிழ் எண்ணுப்பெயர்களை ஒன்று முதல் நூறு வரை நோக்கினால் அவற்றில் ஸகர ஒலி ஒருமுறையும் வருவதில்லை. 'அஞ்சு' என்பதில் உள்ள சகரம் மெல்லினத்தின் பின் வருவதால் ஜகரமாக ஒலிக்கிறது. எண்ணச் செய்த மருத்துவர் சோதிக்க நினைத்த ஒலியை ஒருமுறைகூடக் கேட்காமலேயே சோதனையை முடித்திருப்பார்.

ஸகரம் தமிழ்ப் பேச்சில் இல்லாததன்று. சகர ஒலியனின் மாற்றொலியாக அது வருகிறது. உயிர்களுக்கிடையே ஒற்றைச் சகரம் ஸகரமாக ஒலிக்கும்: 'காசு', 'ஆசை', 'தோசை', 'வாசல்', 'பசி', 'ஊசி'. சொல்முதலில் வட்டாரத்துக்கும் சமூகத்துக்கும் ஏற்ப வேறுபடும். வட தமிழகத்திலிருந்து வந்தோர் வழக்கில் 'சோறு', 'சேலை' ஆகியன பெரிதும் ஸகரத்தோடே ஒலிக்கின்றன. இரட்டித்தால் 'பச்சை', 'எச்சில்' என இடையண்ணத் தடையொலி ஆகும். மேலும் இகரத்தின் முன் சகரம் சிலர் பேச்சில் அண்ணச்சாயல் பெறுவதால், 'பசி'யைவிடக் 'காசு', 'ஆசை' போன்றவை சோதனைக்குப் பொருந்துவன. 'மிசிசிப்பி' என ஒலிக்கச் சொல்வதில் வேறொரு குறை உண்டு. பொருள் விளங்காத சொல்லை எவரும் நிறுத்தி, கவனமாக, வாயை இறுக்கிச் சொல்வர். சில்வர்மன் வேண்டியதோ விரைந்த இயல்பான பேச்சு.

4.4 வளைநா ஒலிகளும் இரட்டிப்பும்

ஆங்கிலப் பாடநூல் மரபு கண்டுகொள்ளாத பகுதி இது. அம்மரபில் நாவின் நுனி தொடும் இடங்கள் பல்லும் அதன் பின்னுள்ள மேட்டுப்பகுதியும் ஆகும். தமிழில் நாநுனி மேலும் பின்னே வளைந்து ட, ண, ள, ழ ஆகியவற்றை ஒலிக்கிறது. 'பத்து – பட்டு', 'கன்னி – கண்ணி', 'பல் – பள்' என்னும் இணைகளில் பொருள் வேறுபாடு முழுவதும் நாவு தொடும் இடத்தின் வேறுபாடே. அவ்விடத்தில் பல்தொகுதியின் அண்ணத்தகடு தடித்திருந்தாலோ, அதன் வளைவு மட்டமாக இருந்தாலோ நாவு வளைய இடமின்றிப் போகும். ஆங்கிலச் சொற்களால் மட்டும் சோதித்தவர் தகட்டின் முன்பகுதியைச் செம்மைப்படுத்திவிட்டு, தமிழர் மிகுதியாகத் தொடும் பகுதியைச் சோதிக்காமல் விடுவார்.

தமிழின் மற்றோர் இயல்பும் இங்குக் கருதத்தக்கது. உயிரிடை ஒற்றை வல்லினம் நெகிழ்ந்து ஒலிக்கும். 'பகல்', 'அது' ஆகியவற்றில் நாவு அண்ணத்தையோ பல்லையோ முழுமையாக அடைப்பதில்லை. தகட்டின் பின்விளிம்பை ககரத்தால் சோதிக்க விரும்புபவர் 'பகல்' எனச் சொல்லச் செய்தால் தொடுகை கிடைக்காது. 'பக்கம்' எனச் சொல்லச் செய்ய வேண்டும். இரட்டித்த வல்லினமே முழு அடைப்பைத் தருகிறது. இவ்வகையில் தமிழ் உறவுப்பெயர்கள் ஒரு சோதனைப் பட்டியலாகவே அமைகின்றன: 'அப்பா' ஈரிதழுக்கு, 'அத்தை' பல்லுக்கு, 'பாட்டி' வளைநாவுக்கு, 'அக்கா' கடையண்ணத்துக்கு. இவை எழுத்தறியாதவரும் தயக்கமின்றிச் சொல்லும் சொற்கள். வாழ்நாள் முழுதும் சொல்லிப் பழகியவை. ஆதலால் ஒலிப்பில் ஏற்படும் சிறு மாற்றத்தையும் அணிபவரே உணர்ந்து சொல்லிவிடுவார்.

ழகரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. 'பழம்' என்பதைப் 'பளம்' என ஒலிப்பது தமிழகத்தின் பல வட்டாரங்களிலும் உள்ள வழக்கு. தங்கவயல் பேச்சிலும் கேட்கப்படுவது. அதனைப் பல்தொகுதியின் குறையாகக் கொள்ளலாகாது. வழக்கு வேறுபாட்டையும் கருவியின் குறையையும் பிரித்தறிய ஒரே வழி, பல்தொகுதி அமைக்கத் தொடங்குமுன் நோயாளியின் பேச்சைக் கேட்டுப் பதிவு செய்வதாகும். பின்னர் ஒப்பிட வேண்டியது இலக்கணத் தமிழோடு அன்று. அவர்தம் முந்தைய பேச்சோடு.

5. ஏவல் தொடரின் சிக்கல்

கிடைநிலை உறவைப் பதிவு செய்கையில் கீழ்த்தாடை தன் மூட்டில் உரிய இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். நோயாளி தாடையை முன்னுக்குத் தள்ளிவிட்டால் பதிவு பிழைபடும். அப்பதிவின்மேல் அமைக்கும் சமன்பட்ட பல்லிணைவு எவ்வளவு நுட்பமாயினும் பயனற்றுப் போகும். எனவே தாடையை எவ்வாறு மூடச் சொல்வது என்பது நுட்பமான வினா. ஆங்கில நூல்களும் 'கடி' என்னும் பொருள்தரும் சொல்லைத் தவிர்த்து, பின்பற்களைச் சேர்த்து மூடச் சொல்லுமாறு அறிவுறுத்துகின்றன.

தமிழில் இச்சிக்கல் வினைச்சொல்லின் பொருளமைப்பிலேயே உள்ளது. உண்ணுதல் பற்றிய வினைகள் பல் வகையால் பிரிந்துள்ளன. 'கடி' என்பது முன்பல்லால் துண்டாக்குவது. 'கொறி' என்பது முன்பல்லால் சிறிது சிறிதாக உண்பது. 'மெல்' என்பது கடைவாய்ப் பல்லால் அரைப்பது. செயப்படுபொருள் பெற்று வரும்போது 'கடி' முன்பல்லையே சுட்டுகிறது: கரும்பைக் கடித்தான், மாங்காயைக் கடித்தான். ஆகவே வாயில் மெழுகை வைத்து 'இதைக் கடிங்க' என்றால் தமிழர் தாடையை முன்னே கொணர்வது கீழ்ப்படியாமையால் அன்று. சொல்லின் பொருளை உள்ளவாறு உணர்ந்தமையால். 'பல்லைக் கடிங்க' என்பது வேறு. அங்குப் பின்பற்கள் இறுகச் சேரும். ஆனால் அத்தொடர் சினத்தையும் பொறுத்தலையும் குறிப்பதால் தசை முறுக்கேறும். அளவுக்கு மீறிய அழுத்தம் பதிவாகும்.

'எச்சிலை முழுங்கிட்டு, கடைவாயைச் சேத்து மூடுங்க' என்பது பொருத்தமான தொடர். விழுங்குகையில் தாடை தானே பின்னே செல்கிறது. 'கடைவாய்' இடத்தைச் சுட்டுகிறது. 'மூடு' அழுத்தத்தைத் தவிர்க்கிறது. 'மெல்ல மூடுங்க' என்பதில் சிறு இடர் உண்டு. 'மெல்ல' என்பது மெதுவாக என்றும், மெல்லுவதற்கு என்றும் இருபொருள்படும். மெழுகை மெல்லத் தொடங்கியவரைக் குறைகூற இயலாது. 'மெதுவா' என்பதில் அவ்விடர் இல்லை.

ஏவலின் மரியாதையும் பதிவின் துல்லியத்தோடு தொடர்புடையது. வேற்றுமொழி மாணவர் தமிழ் கற்கையில் முதலில் பிடிபடுவது வினையடியே: 'திற', 'கடி', 'மூடு'. தமிழில் வினையடி அப்படியே ஒருமை ஏவல். எழுபது வயதுத் தொழிலாளி ஒருவரைப் பேரன் வயதினர் ஒருமையில் ஏவினால், அவர் வாய்திறந்து எதிர்ப்புச் சொல்லாவிடினும் தாடைத் தசை இறுகிவிடும். ஓய்வுநிலை மனநிலைக்கேற்ப மாறும் என்பது பல்மருத்துவமே ஒப்புக்கொண்ட உண்மை. சாதியாலும் தொழிலாலும் நெடுங்காலம் ஒருமையில் அழைக்கப்பட்ட மக்கள் மிகுந்த ஊரில் இதன் கனம் இன்னும் கூடும். 'ஐயா, வாயைத் திறங்க' என்பதில் உள்ள இரண்டு விகுதிக்கூறுகளும் விளியும் வெறும் நயத்தகைமை அல்ல. தசையைத் தளர்த்தும் வழி.

6. கலைச்சொற்கள்

தமிழில் மருத்துவக் கலைச்சொல்லாக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார், நூல்களும் பெயர்த்தார். எனினும் இத்துறையின் சொற்களைத் தமிழில் ஆக்க முற்படுவோர் இரண்டு இடர்களை எதிர்கொள்கின்றனர்.

முதலாவது, மூலச்சொல்லின் வேர்ப்பொருளை அப்படியே பெயர்ப்பது. 'அக்ளூஷன்' என்பதன் இலத்தீன் வேர் அடைத்தலைக் குறிக்கும். ஆகவே 'அடைப்பு' எனப் பெயர்க்கலாம். ஆனால் பொதுமக்களுக்கு அடைப்பு என்பது இதயக் குழாயிலோ சாக்கடையிலோ ஏற்படுவது. பல் துளையை அடைப்பதும் அதுவே. ஒலியியலார்க்கு அடைப்பொலி என்பது வேறு. பற்கள் பொருந்துவதை எவரும் அடைப்பு என உணரார். 'பல்லிணைவு' என்பது தெளிவு. 'ஃப்ரீவே ஸ்பேஸ்' என்பதைத் 'தடையிலா வழியிடம்' எனப் பெயர்த்தால் நெடுஞ்சாலையே நினைவுக்கு வரும். 'ஆர்ட்டிகுலேட்டர்' இன்னும் நுட்பமான இடர். ஒலியியலில் அது ஒலிப்புறுப்பு. பல்மருத்துவத்தில் தாடையின் அசைவைப் போலச் செய்யும் கருவி. அகராதி ஒன்றில் முதற்பொருளைக் கண்டு இரண்டாவதற்கும் அதையே இடுவது எளிதில் நேரக்கூடியது. கருவியைத் 'தாடையசைவி' எனலாம்.

இரண்டாவது இடர் இதனினும் ஆழமானது. வேர்ப்பொருளைத் தவிர்த்து விளக்கப்பொருளால் பெயரிடுவது சிறந்ததெனப் பொதுவாகக் கருதப்படுகிறது. 'சென்ட்ரிக் ரிலேஷன்' என்னும் சொல் இக்கருத்தைச் சோதிக்கிறது. 1956இல் வெளியான செயற்கைப்பல் துறைச் சொற்களஞ்சியத்தின் முதற்பதிப்பு, கீழ்த்தாடை மிகவும் பின்னுற்று நிற்கும் நிலையை இச்சொல்லால் குறித்தது. 1987ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் மூட்டுமுனை முன்னும் மேலுமாக அமரும் நிலை வரையறையாயிற்று. பின்னிருந்து முன்னுக்கு, திசையே மாறிவிட்டது, சொல் மாறவில்லை. 1960களில் ஒருவர் தமிழில் 'பின்னுற்ற தாடையுறவு' என விளக்கமாகப் பெயரிட்டிருந்தால், அச்சொல் இன்று தன் பொருளையே மறுத்து நிற்கும். 'மைய உறவு' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், முகத்தின் நடுக்கோட்டோடு மயங்கும்.

இதிலிருந்து ஒரு நெறி கிடைக்கிறது. வரையறை நிலைபெறாத கருத்துக்குப் பெயரிடும்போது, அதன் இடத்தையோ வடிவத்தையோ பெயராக்காமல் அதன் பயனைப் பெயராக்க வேண்டும். இவ்வுறவு மருத்துவருக்குப் பயன்படுவது, பல் இல்லாதபோதும் திரும்பத் திரும்பப் பெறத்தக்க ஆதாரமாக நிற்பதால்தான். வரையறைகள் மாறியபோதும் இப்பயன் மாறவில்லை. எனவே 'ஆதாரத் தாடையுறவு' என்பது தக்க பெயராகும்.

இச்சொற்கள் மருத்துவருக்கும் மாணவர்க்கும் உரியவை. நோயாளியிடம் இவை வேண்டா. அவரிடம் ஏற்கெனவே சொற்கள் உள்ளன: செட்டு தூக்குகிறது, ஆடுகிறது, உயரமாக இருக்கிறது, ஒருபக்கம் மட்டும் படுகிறது. ஹானோவின் ஐந்து காரணிகளில் பிழை நேர்ந்தால் அது நோயாளியின் வாயில் இந்நான்கு தொடர்களுள் ஒன்றாகவே வெளிப்படும். கலைச்சொல் அகராதிகள் இத்தொடர்களையும் பதிவு செய்து, உரிய கலைச்சொல்லோடு இணைத்துக் காட்டினால் பயன் பெருகும்.

7. முடிவுரை

பேச்சுமுறை பல்தொகுதி அமைப்பில் சிறந்த கருவி என்பதை ஏற்றுக்கொண்டு, அது மொழிச்சார்பு உடையது என்பதை இக்கட்டுரை காட்ட முயன்றது. சொல்லிறுதி மகரம் பேச்சில் மறைதல், ஃபகரம் பகரமாதல், எண்ணுப்பெயர்களில் ஸகரம் இன்மை, உயிரிடை வல்லினம் நெகிழ்தல், வளைநா ஒலிகளின் மிகுதி ஆகிய ஐந்தும் ஆங்கிலச் சோதனையைத் தமிழ் வாயில் தடம்புரளச் செய்வன. 'உம்' கொட்டுதல், சொல்முதல் வகரம், 'காசு' முதலிய ஸகரச் சொற்கள், உறவுப்பெயர்கள், 'பத்து – பட்டு' போன்ற இணைகள் ஆகியன மாற்றாக முன்வைக்கப்பட்டன. இவை ஒலியியல் அடிப்படையில் பெறப்பட்ட பரிந்துரைகள். பல்மருத்துவரும் மொழியியலாரும் இணைந்து வாயில் அளந்து உறுதிசெய்ய வேண்டியவை. கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் அவ்வம்மொழியின் ஒலியமைப்புக்கேற்பத் தனிப்பட்டியல் வேண்டும். தமிழ்ப் பட்டியலை அவற்றின்மேல் ஏற்றுவது, ஆங்கிலப் பட்டியலைத் தமிழின்மேல் ஏற்றிய பிழையையே மீண்டும் செய்வதாகும்.

பிழையின் விலையை யார் தருகிறார் என்பதே இறுதியில் கருதத்தக்கது. பொருந்தாத பல்தொகுதியை அணிபவர் அதனை மேசைமேல் நீர்க்கிண்ணத்தில் போட்டுவைத்துவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். தங்கவயலின் சுரங்க வாழ்வை நேரில் அறிந்த தலைமுறையின் வழக்குகளும் தொழிற்சொற்களும் அவர்கள் வாயில்தான் உள்ளன. வட்டார வழக்கைத் தொகுக்கச் செல்லும் ஆய்வாளர், பல் இல்லாத ஒருவரின் பேச்சைப் பதிவு செய்வதன் இடர்ப்பாட்டை நன்கறிவர். முதியவர் ஒருவர் தடையின்றிப் பேசுவதற்கு 2 மி.மீ. இடைவெளி தேவையாகிறது, அதனைத் தாய்மொழியில் அளப்பதே முறையாகும்.